பாயிண்ட் சார் தாழ்ப்பாள் வாங்கிய கதை

கடைக்குப் போகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. பொருளுக்காகப் போகிறவர் ஓர் இனம். பாயிண்டுக்காகப் போகிறவர் மற்றோர் இனம். முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆணி வேண்டும், போவார், வாங்குவார், வீட்டுக்கு வந்து சுவரில் அடிப்பார், கட்டைவிரலில் பட்டால் பொதுவில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்வார், அவ்வளவுதான். இரண்டாம் இனம்தான் கவனிக்கத் தக்கது. இவர் ஆணி வாங்கப் போனாலும் ஆணியைப் பார்க்க மாட்டார். நூறுக்கு வாங்கினால் ஒரு பாயிண்ட் என்றால், ஆணிக்கு எழுபதுதான் ஆகிறது என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போய், இன்னொரு முப்பதுக்கு என்ன வாங்கலாம் என்று மூன்று மாடியும் ஏறி இறங்கி, கடைசியில் தேவையே இல்லாத ஒரு பசை டப்பாவோடு கவுன்ட்டருக்கு வருவார். பில் போடும் பெண், பாயிண்ட் ஏற்றுவதற்குப் போன் நம்பர் கேட்க மறந்துவிட்டாளோ, போச்சு. குடும்பப் போட்டோவில் தலை வெட்டுப்பட்ட மாமாவைப்போல அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

பார்த்திருப்பீர்கள். பார்க்காமலா இருப்பீர்கள்?

அந்த இனத்தின் சரியான மாதிரி ஒருவர் இருந்தார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவின் தலைவர். வெள்ளத்தில் வீடு போனவன் வந்து நின்றாலும், பாலிசியின் பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும் பதினேழாவது நிபந்தனையைப் படித்துக் காட்டி அனுப்பிவைக்கிற திறமைசாலி. அலுவலகத்தில் அவருக்கு வேறு பட்டப்பெயர் இருந்தது. அது இங்கே வேண்டாம். தெருவில் அவரை எல்லோரும் பாயிண்ட் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவர் காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. பட்டம் கொடுத்ததுபோலப் பூரித்துப்போனார். அதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம்.

பெரிய சாலையில் இருந்த மூன்று மாடி ஹார்டுவேர் கடையில்தான் அவருடைய சேமிப்பெல்லாம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவரைத் தேடினால் அங்கே கிடைப்பார். எதுவும் வாங்கமாட்டார். கவுன்ட்டர் ஓரமாக, யாருக்கோ காத்திருப்பவர்போல நிற்பார். புதிதாக யாராவது கதவுக் கீலோ குழாயோ எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தால் பக்கத்தில் போய்ச் சிரிப்பார்.

"உங்களுக்கு இங்க அக்கவுண்ட் இருக்குங்களா?"

"இல்லைங்களே."

"அப்ப என் நம்பரைப் போடச் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. வீணாப் போகக் கூடாது பாருங்க."

வீணாப் போகக் கூடாது. இதுதான் அவருடைய தாரக மந்திரம். இப்படி ஊரார் குழாயிலும் கீலிலும் சொட்டுச் சொட்டாகப் பிடித்துச் சேர்த்ததை அவர் செலவழித்தாரா என்றால், அதுதான் இல்லை. இப்போது எடுத்தால் ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய்தான், ஆண்டு விழா வாரத்தில் எடுத்தால் ஒன்றுக்கு ஒன்றரை என்பார். ஆண்டு விழா வாரம் வரும். அடுத்த வருஷம் ஒன்றுக்கு இரண்டு கொடுத்தாலும் கொடுப்பான் என்பார். வாரமும் போகும்.

இதற்கிடையில் அவருடைய வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்க வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதமாகப் பேசிப் பழகியவள். அதே இதத்தோடுதான் வீட்டிலும் கேட்டாள்.

"ஏங்க, ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வரக் கூடாதா?"

"காசு குடுத்தா? அவ்வளவு பாயிண்ட் வெச்சுக்கிட்டுக் காசு குடுத்து வாங்கறதுக்கு நான் என்ன முட்டாளா?"

"அப்ப பாயிண்ட்லயே எடுங்க."

"தாழ்ப்பாளுக்கா? பாயிண்டையா?" என்று அவர் அதிர்ந்துபோய்க் கேட்டார். ஏதோ குழந்தையை விற்றுக் கொத்தமல்லிக் கட்டு வாங்கச் சொன்னதுபோல.

காசு கொடுப்பது முட்டாள்தனம், பாயிண்ட் கொடுப்பது பாவம் என்று ஆனபிறகு தாழ்ப்பாள் எங்கிருந்து வரும்? உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகத் தண்ணீர் நிரப்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, இருமிக்கொண்டே குளிப்பது என்று வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அவள் அண்ணன் இரண்டு நாள் தங்குவதற்கு வந்தவர், முதல் நாள் காலையில் வாளியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அங்கே காசு கொடுத்துக் குளித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

"எங்க அண்ணன் போயிட்டாரு" என்றாள் அவள்.

"அவசர வேலையா இருக்கும்" என்றார் பாயிண்ட் சார்.

இந்த வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு டெய்லருடையது. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். அதிகம் பேசாத மனிதர். வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். தையல் மெஷின்களை மேலே கொண்டுபோய் வைக்க, போன வருஷம் மாடியில் ஓர் அறை கட்டத் தொடங்கினார். செங்கல் வந்து இறங்கிய அன்றைக்கே பாயிண்ட் சாருக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது.

அப்படி ஒரு பாசத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு டெய்லரோடு கடைக்குப் போனார். சிமெண்டுக்குப் போனார், பெயின்ட்டுக்குப் போனார், டைல்ஸுக்கு மூன்று தடவை போனார். தெருமுனையில் இருக்கிற சின்னக் கடையில் பைப் விலை குறைவாக இருக்கிறதே என்று டெய்லர் இழுத்தபோது, "அந்தப் பைப்பா? வேண்டவே வேண்டாம். ஆறு மாசத்துல வெடிக்கும். நான் எத்தனை கேஸ் பார்த்திருக்கேன்!" என்று கையை உதறினார். இழப்பீட்டுப் பிரிவுத் தலைவரே சொல்லும்போது பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர் என்ன மறுத்துப் பேச முடியும்? அத்தனை பைப்பும் பெரிய கடையிலிருந்தே வந்தது. கவுன்ட்டரில் நம்பர் கேட்டபோதெல்லாம் டெய்லர் குண்டூசியை எடுத்துவிட்டு வாய் திறப்பதற்குள் பாயிண்ட் சார் நம்பரை ஒப்பித்து முடித்திருப்பார்.

"எதுக்கு சார் நம்பர்?" என்று டெய்லர் ஒரு தடவை கேட்டார்.

"கேரண்டிக்கு. நாளைக்கு ஏதாவது உடைஞ்சா நீங்க ஏன் அலையணும்? நான் பேசிக்கிறேன்."

டெய்லர் நெகிழ்ந்துபோய்விட்டார். சொந்தத் தம்பிகூட ஒரு நாள் வந்து எட்டிப்பார்க்கவில்லையே, இவர் லீவு போட்டுவிட்டு அலைகிறாரே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பதிலுக்கு அளவெடுத்து இரண்டு பேண்ட் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பாயிண்ட் சார் அதை மறுத்தாரா? "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே போட்டுப்பார்த்து, இடுப்பில் அரை அங்குலம் பிடிக்கச் சொன்னார்.

அறை முடிந்தது. படிக்கட்டும் முடிந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி வைப்பதற்குள் டெய்லரின் கைப்பணம் தீர்ந்துவிட்டதால், மேலிருந்து கீழாக ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். அவருடைய மனைவி துணிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறி இறங்குவாள்.

இந்த நிலையில் ஒரு சனிக்கிழமை கடை வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. மாத இறுதியோடு பழைய பாயிண்ட்கள் அனைத்தும் காலாவதி என்று போட்டிருந்தது. பாயிண்ட் சார் அதை இரண்டு தடவை படித்தார். ஊருக்கெல்லாம் நிபந்தனை படித்துக் காட்டியவருக்கு இந்த நிபந்தனை எப்படிக் கண்ணில் படாமல் போனது? கடையின் விதிமுறைகளை அவர் படித்ததே இல்லை என்பதுதான் உண்மை. அடுத்தவன் பணத்துக்குத்தானே அவர் நிபந்தனை படிப்பார்!

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாயிரத்து நானூறு பாயிண்ட்டை எதில் இறக்குவது? சில்லறையாகச் சிதறவிட மனம் வரவில்லை. பெரிதாக ஒன்று வேண்டும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். கடைசியில் இரண்டாம் மாடியில், தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கார் கழுவும் மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒன்பதாயிரம். அவரிடம் கார் இல்லை. அதனால் என்ன? பின்னால் எப்போதாவது கார் வாங்கும்போது, கழுவுவதற்கு மெஷின் இல்லையே என்ற கவலை இருக்காது பாருங்கள்.

மாதத்தின் கடைசி நாள். மெஷின் பெட்டி கனமாயிற்றே, எப்படிக் கொண்டுவருவது? டெய்லரிடம் சீருடைக் கட்டுகளை ஏற்றிப்போகிற மூன்று சக்கர வண்டி இருந்தது. "ஒரு நடை வர்றீங்களா டெய்லர்?" என்று கேட்டதும் அந்த மனிதர் தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கியதும் அவர்தான். பாயிண்ட் சார் முன்னால் வழிகாட்டிக்கொண்டு இறங்கினார்.

கவுன்ட்டரில் நல்ல கூட்டம். பின்னால் ஒரு பெயின்டர் உருளைப் பிரஷோடு அவசரமாக நின்றார்.

"மொத்தமும் பாயிண்ட்லயா சார்?" என்றாள் பில் போடும் பெண்.

"மொத்தமும்" என்றார் அவர், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி.

"ஓடிபி வரும் சார். பார்த்துச் சொல்லுங்க."

போனை எடுத்துப் பார்த்தார். அணைத்துப் போட்டுப் பார்த்தார். உயரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வரலையேம்மா."

"போயிடுச்சே சார். கடைசி ரெண்டு நம்பர் நாலு ஏழு."

நாலு ஏழு என்றதும் அவர் முகம் மாறியது. காரணத்தைச் சொல்லிவிடலாம். நான்கு வருஷத்துக்கு முன்பு அக்கவுண்ட் தொடங்கியபோது, தன் நம்பரைக் கொடுத்தால் விளம்பரமாக அனுப்பி உயிரை எடுப்பார்கள் என்று யோசித்து, மனைவியின் நம்பரைக் கொடுத்திருந்தார். இத்தனை காலம் அவர் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் ஒப்பித்ததெல்லாம் அந்த நம்பர்தான். எடுக்கும்போது அந்தப் போனுக்குத்தான் கேள்வி போகும் என்று யோசிக்கவில்லை. எடுத்துப் பழக்கமிருந்தால் அல்லவா தெரியும்?

மனைவியை அழைத்தார். "ஸ்பீக்கர்ல போடுங்க சார், நானே கேட்டு அடிச்சுக்கறேன். மூணு நிமிஷம்தான் செல்லும்" என்றாள் பெண்.

"உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. சீக்கிரம் சொல்லு."

"வந்திருக்கு. ஒரு நிமிஷம்... நீங்க மூணாவது ரூம்ல போய் உட்காருங்கம்மா, டாக்டர் வந்துடுவாரு... ம், என்ன வாங்கறீங்க?"

"அதெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க."

"ஒரு மெஷின்."

"என்ன மெஷின்?"

"கார் கழுவுற மெஷின் மேடம்" என்றாள் பில் போடும் பெண், உதவி செய்கிற நினைப்பில்.

மனைவியின் குரல் போனில், "யாரோட கார்?" என்று கேட்டது.

பெயின்டர் களுக்கென்று சிரித்துவிட்டு, பிரஷால் வாயை மூடிக்கொண்டார்.

"நம்பரைச் சொல்லும்மா, நேரமாகுது."

"ஏங்க, பதினாறு மாசமா இருமிக்கிட்டே குளிக்கறேன். இப்ப எந்தக் கதவைப் பார்த்தாலும் எனக்கு இருமல் வருது. போன வாரம் எங்க டாக்டர் என்னைக் கூப்பிட்டு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்கன்னாரு. பல் டாக்டருங்க அவரு! தாழ்ப்பாள் எடுத்தீங்களா?"

"அது அப்புறம் பார்க்கலாம்."

"சரி. பெட்டியை யாரு தூக்கிட்டு வர்றாங்க? டெய்லர் அண்ணனா?"

"அவர் எதுக்கு இப்ப?"

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி" என்றார் டெய்லர், பெட்டியை மார்போடு அணைத்தபடி.

"போன வருஷம் நீங்க பொருள் எடுத்தப்பல்லாம் என் போனுக்கு மெசேஜ் வந்துச்சுண்ணே. சிமெண்டுக்கு இத்தனை பாயிண்ட், டைல்ஸுக்கு இத்தனை பாயிண்ட்னு. நீங்களா மனசோட குடுத்தீங்கன்னுதான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு உங்களையே தூக்கவும் வெச்சிருக்காருன்னா... அண்ணே, உங்களுக்கு அது தெரியுமா?"

டெய்லர் பாயிண்ட் சாரைப் பார்த்தார். "கேரண்டிக்குன்னு சொன்னாரு" என்றார்.

"டெய்லர், அது வந்து... உங்களுக்கு அக்கவுண்ட் இல்லையே. யாருக்கும் இல்லாம வீணாப் போயிருக்கும். அதுக்காகத்தான்..."

டெய்லர் பெட்டியைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், அடுத்தவர் பொருளை வைக்கிற மாதிரி.

"முனைக் கடைப் பைப் வெடிக்கும்னு சொன்னீங்களே சார். அதுவும் இதுக்குத்தானா?"

ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லி அனுப்பியவர் பாயிண்ட் சார். வெள்ளத்தில் போன வீட்டுக்குப் பதில் வைத்திருந்தார், தீயில் போன கடைக்குப் பதில் வைத்திருந்தார். இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. டெய்லரின் பார்வை ஒரு கணம் கீழே இறங்கி, பாயிண்ட் சார் போட்டிருந்த பேண்ட்டின் இடுப்பில், அரை அங்குலம் பிடித்த இடத்தில் நின்றது. அப்போதுதான் அவருக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்திருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சாம்மா?" என்று பில் போடும் பெண்ணைக் கேட்டார்.

"ஆயிடுச்சு சார். மறுபடி அனுப்பறேன்."

"சீக்கிரம் அனுப்பும்மா, அங்க முதல் கோட்டு காஞ்சுடும்" என்றார் பெயின்டர்.

போனில் மனைவியின் குரல் வந்தது. இப்போது அது அவரிடம் பேசவில்லை. "ஏம்மா, நான் சொன்னா வேற பொருள் போடுவியா?"

"உங்க நம்பர்ல இருக்கற அக்கவுண்ட் மேடம். நீங்க சொல்றதைத்தான் நான் போட முடியும்."

"அப்படியா?" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. "அப்ப அந்த மெஷினை எடுத்துடு. ஒரு தாழ்ப்பாள் போடு, குளியலறைக்கு. துருப்பிடிக்காததா, நல்லதா. அண்ணே, உங்க மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க எவ்வளவு பைப் வேணும்?"

டெய்லர் மறுப்பார் என்று பாயிண்ட் சார் நம்பினார். வேண்டாம் தங்கச்சி, பரவாயில்லை என்பார், பெருந்தன்மையாக விலகிக்கொள்வார், தனக்கு மெஷின் மிஞ்சும். பிறருடைய பெருந்தன்மைமேல் இந்த இனம் வைத்திருக்கிற நம்பிக்கையைச் சொல்லி முடியாது.

"பதினெட்டு அடி" என்றார் டெய்லர், யோசிக்காமல். "வளைவு நாலு. கிளாம்பு எட்டு. கொஞ்சம் கனமான பைப்பாவே போடச் சொல்லுங்க தங்கச்சி. என் பாயிண்ட்தானே, எடுத்துக்கறேன்."

சரசரவென்று பொருள்கள் வந்தன. பெண் கூட்டிப்பார்த்து, "இன்னும் நானூறு பாயிண்ட் மிச்சம் இருக்கு மேடம்" என்றாள்.

"நானூறு! இன்னிக்கே கடைசி நாள்!" என்று பாயிண்ட் சார் அலறினார். "ஏதாவது எடு! எதையாவது எடு! வீணாப் போயிடும்!"

"போகட்டும்" என்றாள் மனைவி. புதிதாக வந்த ஆறு எண்ணையும் பெண்ணிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

டெய்லர் பைப்பை வண்டியில் சாய்த்துக் கட்டினார். பாயிண்ட் சார் வழக்கம்போல முன் இருக்கையில் ஏறப் போனபோது, "இடமில்லை சார், கிளாம்புப் பை இருக்கு" என்று பையை எடுத்து அந்த இருக்கையில் வைத்தார். வண்டி போய்விட்டது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவருக்கு வணக்கம் சொல்வதில் ஓர் ஆள் குறைந்தது.

அவர் தாழ்ப்பாளோடு மறுபடியும் கடைக்குள் போனார். அதற்கு ஸ்குரூ தனியாக வாங்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு ஸ்குரூவைப் பொறுக்கிக்கொண்டு வரிசையில் நின்று, மனம் நொந்துபோய்க் காசு எடுத்துக் கொடுத்தார்.

"நம்பர் இருக்கா சார்?" என்றாள் பெண், பழக்க தோஷத்தில்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். டெய்லர் இல்லை. பெயின்டரும் போய்விட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புது அக்கவுண்ட் போடும்மா" என்றார். இந்தத் தடவை தன்னுடைய சொந்த நம்பரைச் சொன்னார்.

தாழ்ப்பாளை அன்று சாயங்காலமே அவர் மனைவி தானே பொருத்தினாள். பிறகு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் குளித்தாள். இருமவே இல்லை.

சே, இப்படியும் ஒரு ஜென்மமா என்று தலையை ஆட்டுகிறீர்கள். ஆட்டுங்கள். டெய்லர் பெட்டியைக் கீழே வைத்தபோது உங்களுக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும், நல்ல மனசு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த நானூறு பாயிண்ட் யாருக்கும் இல்லாமல் போனது என்று படித்தபோது நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று தைத்ததே, அது அதைவிடக் கொஞ்சம் பலமாகவே தைத்தது, இல்லையா?